ஆனை ரைட்டர்

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் பார்ப்பது காலைத்தான். முகத்தைப் பார்ப்பது அப்புறம்.

விடிந்ததும் யானைக் கொட்டிலுக்குப் போவார். பாகனிடம் சொல்லி ஒவ்வொரு யானையின் பாதத்தையும் தூக்க வைத்து, நகங்களுக்கு இடையில் விரலை விட்டுப் பார்ப்பார். முள்ளோ புண்ணோ இருந்தால் அன்றைக்கு அந்த யானைக்கு வேலை கிடையாது. இந்தப் பழக்கம் அப்படியே மனிதர்களிடமும் வந்துவிட்டது. காட்டுக்குள் மரம் அறுக்கப் போகும் நாங்கள் வரிசையில் நிற்கும்போது குனிந்துகொண்டே வருவார்.

"காலைக் காட்டும் வே."

"கால்ல ஒண்ணுமில்ல ரைட்டரே."

"ஒண்ணுமில்லாத காலைத்தானே காட்டச் சொல்லுதேன். வெக்கமா?"

மழைக்காலத்தில் எங்கள் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துக் கிடக்கும். அட்டை கடித்த இடம் ஆறாமல் நீர் வடியும். அவர் ஒரு தகர டப்பாவிலிருந்து மஞ்சள் களிம்பை எடுத்துத் தடவுவார். யானைக்கென்று போர்ட் பிளேயரிலிருந்து வந்த களிம்பு அது. எரிச்சலில் கத்தினால், "ஆனையே சும்மா நிக்கி. நீரு என்ன வே குதிக்கீரு?" என்பார்.

போன மழைக்காலத்தில் அவர் இறந்துபோய்விட்டார். பெயரை நான் எழுதவில்லை. ஒருநாளும் பெயர் சொல்லி அவரை நான் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதினால் வேறு யாரையோ எழுதுவது போல இருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் ஆனை ரைட்டர்.

ரங்கத் என்ற தீவு ஊருக்கு அந்தப் பக்கம், ஓடையை ஒட்டி எங்கள் கேம்ப் இருந்தது. ஒரு மரக் கம்பெனியின் கேம்ப். அப்போது ரோடு வரவில்லை. அரிசி, மண்ணெண்ணெய், ஆட்கள் எல்லாமே படகில்தான் வரவேண்டும். வெட்டிய மரத்தை யானைகள் இழுத்துக்கொண்டு வந்து ஓடையில் தள்ளும். ரைட்டர் என்றால் கணக்கு எழுதுகிறவர். யானைகளின் தீனி, மருந்து, வேலை நேரம் எல்லாவற்றையும் எழுதிவைப்பதுதான் அவருடைய வேலை. ஆட்களைப் பார்க்க வேறு ஒரு ரைட்டர் இருந்தார். அவர் காய்ச்சலோடு லீவில் மெயின்லேண்ட் போனவர், திரும்பவே இல்லை. கம்பெனி புதிதாக ஆள் போடவில்லை. ஆனையைப் பார்க்கிறவர் ஆளையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது.

இவருக்குத் தெரிந்தது யானைகளுக்கான விதிகள் மட்டும்தான். அதில் எல்லாம் இருந்தது. எந்த வயது யானை எவ்வளவு பெரிய மரத்தை இழுக்கலாம், வெயில் ஏறினால் எப்போது அவிழ்த்துவிட வேண்டும், குட்டி போட்டால் எத்தனை காலம் சும்மா விட வேண்டும், வயதானால் எப்போது ஓய்வு கொடுக்க வேண்டும், எல்லாமே. ஆட்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. வந்தால் சம்பளம், வராவிட்டால் இல்லை. தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு கம்பளி. அவ்வளவுதான்.

அந்தக் கம்பளியைப் பார்த்துத்தான் அவருக்கு முதலில் கோபம் வந்தது. புதிதாகக் கப்பலில் வந்த இளவட்டங்கள் அதை ரங்கத் கடையில் கொடுத்து பீடி வாங்கினார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் ஒரு கம்பளிக்குள் நான்கு பேரைப் படுக்க வைத்தார்கள். தீவிலேயே பிறந்து வளர்ந்த கிழவர்கள் சிலருக்குக் கம்பளி இருந்தது, அதை விரிக்கக் கூரைதான் நிச்சயமில்லை. வேலை செய்ய முடியாத அன்று, ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது கம்பெனியின் பேச்சு.

"குட்டி ஆனைக்கும் கிழட்டு ஆனைக்கும் ஒரே தீனியா வே போடுதோம்? ஆளுக்கு மட்டும் எப்படி ஒரே கம்பளி?" என்று அன்றைக்குக் கேட்டார். நாங்கள் சிரித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரம் அடுக்கும் டிப்போவில் மரங்களின் மேல் எங்களை உட்கார வைத்து, யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். அந்த மாதிரி ஒரு கேள்வியை அதற்கு முன்னால் எங்களிடம் யாரும் கேட்டதில்லை. அப்புறம் ஒருவன் பின்னாலிருந்து, "எனக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைங்க ரைட்டரே!" என்றான்.

"பொண்ணு கொட்டில்ல நிக்கி. பிஜ்லி. சம்மதமான்னு கேட்டுச் சொல்லுதேன்."

பிஜ்லி என்றால் இந்தியில் மின்னல். கேம்பிலேயே மெதுவாக நடக்கும் யானை அதுதான். அந்தச் சிரிப்பில் எல்லோருக்கும் வாய் திறந்துவிட்டது.

இளவட்டங்களுக்கு ஊருக்குப் போய் வருவதுதான் பெரும்பாடு. லீவு எழுதிக் கொடுத்துக் கேம்பை விட்டுப் படகேறியதுமே நாள் ஓட ஆரம்பித்துவிடும். போர்ட் பிளேயரில் கப்பலுக்குக் காத்துக் கிடப்பதிலேயே பாதி லீவு போய்விடும். ஊரில் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மதராசுக்கு வந்தால் அங்கேயும் கப்பல் இருக்காது. நாள் தவறித் திரும்பினால் வேலை இருக்காது. பல பேர் அதற்குப் பயந்தே ஊர்ப் பக்கம் போகாமல் இருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

மேனேஜர் சாப் போர்ட் பிளேயரிலிருந்து வந்தபோது ரைட்டர் இதைத்தான் முதலில் எடுத்தார். நான் அவர்களுக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்ததால் பேச்சு முழுவதும் காதில் விழுந்தது.

"ஓடையில தண்ணி வடியட்டும்னு ஆனை காத்து நிக்கிற நேரத்தையும் வேலைன்னுதான் எழுதுதோம் ஐயா. கப்பலுக்குக் காத்து நிக்கவன் கணக்கு மட்டும் ஏன் லீவுல போகணும்?"

"என்ன ரைட்டர், இவங்களும் ஆனையும் ஒண்ணா?"

"ஒண்ணா இருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு ஆனை செத்தா நீங்க மேல பதில் எழுதணும். இவங்க செத்தா ஒரு வரி."

மேனேஜர் இளநீரைக் கீழே வைத்தார். "சரி, மேல சொல்லும்" என்றார்.

அப்படித்தான் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. போர்ட் பிளேயரிலும் மதராசிலும் கப்பலுக்குக் காத்துக் கிடக்கும் நாள் லீவுக் கணக்கில் வராது. காத்திருக்கும் நாட்களுக்கு ரேஷன் உண்டு. பட்டை உரிக்கும் பெண்களுக்குப் பிள்ளை பிறந்தால், பிள்ளை சோறு தின்னும் வரை காட்டு வேலை கிடையாது. லைனிலேயே செய்யும் வேலைதான். என் மனைவிதான் அதை முதலில் அனுபவித்தவள்.

"குட்டி போட்ட ஆனைக்கு உள்ளதுதான் உனக்கும்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு உங்க ரைட்டரு. நான் என்ன அவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று என்னிடம் சண்டை போட்டாள். ஆனால் எங்கள் பையனுக்கு முதல் சோறு ஊட்ட அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொன்னவளும் அவள்தான்.

கடைசியாக வயதானவர்கள். குறிப்பிட்ட வயதுக்கு மேல் பாரமான வேலை இல்லை. லேசான வேலை, அதே ரேஷன். லைன் வீடு சாகும் வரைக்கும் அவர்களுடையது. மேனேஜர் ரொம்ப யோசித்துத்தான் இதற்குத் தலையாட்டினார். அன்று சாயங்காலம் ரைட்டர் கொட்டிலில் பிஜ்லியின் தும்பிக்கையைத் தட்டிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இந்த விதியில் முதலில் வந்தவர் தாதா.

தாதா என்றால் இந்தியில் தாத்தா. என்னுடைய ரம்பக் கூட்டாளி. பெரிய ரம்பத்துக்கு இரண்டு பிடி. ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் நான். அவருடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் தண்டனைக் கைதியாக வடக்கேயிருந்து தீவுக்கு வந்தவர். அம்மா தமிழ்ப் பெண். தாதா இங்கேயே பிறந்து இங்கேயே கிழவனானவர். பெண்டாட்டி பிள்ளை யாரும் இல்லை. தமிழும் இந்தியும் கலந்து பேசுவார். ரம்பத்தில் நான் அவசரப்பட்டால், "அரே பேட்டா, தள்ளாதே. உன் முறைக்கு இழு, என் முறைக்கு விடு. ஜல்தி என்ன?" என்பார். அவருடைய மூச்சு எப்படிப் போகிறது என்பதை ரம்பப் பிடியில் இருக்கும் என் கையை வைத்தே சொல்லிவிடுவேன். கடைசி வருஷங்களில் அந்த இழுப்பு தளர்ந்து வந்தது. நான் கூடுதலாக இழுத்துச் சரிக்கட்டினால் உடனே கண்டுபிடித்துத் திட்டுவார்.

கேம்பில் ரைட்டருக்குக் காலைக் காட்டாதவர் தாதா ஒருவர்தான். மழையோ வெயிலோ, பைஜாமா கணுக்காலுக்குக் கீழே இறங்கியிருக்கும். "என் பைர், என் கால் என்கிட்டயே இருக்கட்டும் பாபு" என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவார். "அந்தக் காலுக்குள்ள என்ன பொக்கிஷமோ" என்று ரைட்டர் கேலி செய்வார்.

யானைக்கு ஓய்வு கொடுக்கும் நாளில் எங்கள் கேம்பில் ஒரு வழக்கம் இருந்தது. மரம் இழுக்கும் சங்கிலியை எல்லோர் முன்னாலும் கழற்றிக் கீழே வைப்பார்கள். மாலை போட்டு வெல்லம் ஊட்டுவார்கள். பாகன்கள் சிலர் அழுதும் விடுவார்கள். தாதாவுக்கும் அந்த மரியாதையைச் செய்ய வேண்டும் என்று ரைட்டருக்கு ஆசை. ஓடைக்கரையில் உட்கார்ந்து, மிதக்கும் மரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவருக்கென்று வைத்திருந்தார். நிழல், காற்று, உட்கார ஒரு கட்டை. அந்தக் கட்டையைக்கூட அவரே இழைத்து வைத்திருந்தார்.

அன்று காலையில் எல்லோரும் கூடினோம். தாதாவின் கையிலிருந்த ரம்பத்தை ரைட்டர் வாங்கிச் சாய்த்து வைத்தார். மாலை போட்டார். பிறகு இழுவைச் சங்கிலியில் ஒரு துண்டை எடுத்துத் தாதாவின் தோளில் மெல்ல வைத்தார். எல்லோரும் பார்த்ததும் அதை எடுத்துக் கீழே போட்டு, "தாதாவுக்குச் சங்கிலி கழட்டியாச்சு!" என்று கத்தினார். கேம்பே கை தட்டியது. நானும் தட்டினேன். ரைட்டர் கண் கலங்கி, கையிலிருந்த வெல்லத்தை அவர் வாயில் ஊட்டினார்.

தாதா அதைத் துப்பவில்லை. மெதுவாக மென்று விழுங்கினார். குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலைப் படகுக்கு அவர் மூட்டையுடன் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப் போய் மூட்டையைப் பிடித்தேன்.

"எங்க தாதா? வீடு உங்களுக்குத்தான்னு எழுதியாச்சே."

"மாலூம், தெரியும்." மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "என் பாப், என் அப்பாவைச் சங்கிலி போட்டுத்தான் கப்பல்லருந்து இறக்கினாங்க பேட்டா. பின்னாடி கழட்டியும் விட்டாங்க. ஆனா கணுக்கால்ல அந்தத் தடம் போகல. சாகற வரைக்கும் பைஜாமாவை மேல தூக்கினது கிடையாது. ஓடையில எறங்கினாலும் நனைச்சுக்கிட்டேதான் எறங்குவாரு. என்னையும் அப்படியே பழக்கிட்டாரு. அவரு பையன் தோள்ல, எல்லார் முன்னாடியும்..."

"ரைட்டருக்கு இது தெரியாது தாதா. மரியாதைன்னு நெனச்சுத்தான் செஞ்சாரு."

"அதுவும் மாலூம். கெட்டவனா இருந்தா சண்டை போட்டுட்டு இங்கேயே கெடப்பேன். நல்லவன்கிட்ட எப்படிச் சண்டை போடுறது? அதான் போறேன்."

படகு போய்விட்டது. நான் கொட்டிலுக்குப் போய் ரைட்டரிடம் சொன்னேன். எனக்குக் கோர்வையாகப் பேச வராது. தாதா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் பிஜ்லியின் பாதத்தைத் தன் முழங்காலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும் அதை மெதுவாகக் கீழே விட்டார்.

"நனைச்சுக்கிட்டேயா எறங்குவாரு?" என்றார்.

அடுத்த படகில் போர்ட் பிளேயர் போனார். தாதா ஒரு சாயாக்கடையின் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தாராம். இவரைப் பார்த்தும் கோடாலியை நிறுத்தவில்லை. இவரும் என்ன பேசுவது என்று தெரியாமல், விழுந்த விறகையெல்லாம் பொறுக்கி அடுக்கிக்கொண்டே இருந்தாராம். கடைசியில், "திரும்ப ரம்பத்துக்கே வந்துரும்" என்று கூப்பிட்டிருக்கிறார்.

"உன் விதியில எனக்கு ரம்பம் இல்லையே பாபு" என்று தாதா சொல்லியிருக்கிறார். "வேலை கிடக்கு. ஜாவ், போ."

திரும்பி வந்தவர் மேனேஜருக்காகக் காத்திருந்தார். சாப் வந்ததும் விதியை மாற்ற வேண்டும் என்றார்.

"ஆனை மாதிரின்னு சொன்னதே நீர்தானே ரைட்டர்?"

"நான்தான். தப்பாச் சொல்லிட்டேன். ஆனைகிட்ட கேக்க முடியாது, அதனால நாம முடிவு பண்ணுதோம். ஆளுகிட்ட கேக்கலாம். நான் கேக்கல."

கேட்காமல் எந்த வயதானவரையும் வேலை மாற்றக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். மழை பிடித்துக்கொண்டதால் படகு தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. ஓடையில் வெள்ளம் வடிந்ததும் அவர் போனார். சாயாக்கடை பாய் அவரை உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். தாதா காய்ச்சலில் போய்விட்டார். கடைத்தெரு ஆட்களே எடுத்துப் போட்டு எல்லாம் செய்தார்களாம்.

"உடுத்தியிருந்தது கிழிஞ்சு போச்சு. புதுசு வாங்கிப் போட்டுத்தான் அனுப்பினோம்" என்றாராம் பாய்.

ரைட்டர் கேட்டது ஒன்றுதான். "கணுக்கால் மூடியிருந்துதா பாய்?"

மூடியிருந்ததாகப் பாய் சொன்னார். இதை என்னிடம் சொன்னபோது ரைட்டர் தன் கையிரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் கேம்பில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கிழவர்கள் சிலர் லேசான வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சிலர் மாட்டேன் என்றார்கள், அவர்களை அப்படியே விட்டார். நான் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஊருக்குப் போய் வந்தேன். கப்பல் தாமதமானது, வேலை போகவில்லை. ஆனால் ரைட்டர் மாறிவிட்டார். ஆனை மாதிரி என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை. பிஜ்லிக்குச் சங்கிலி கழற்றிய அன்று அவர் கொட்டில் பக்கமே வரவில்லை. அவர் கையில் வெல்லத்தை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. ஓடைக்கரையில் அவர் இழைத்து வைத்த கட்டை மழையில் கறுத்துக் கிடந்தது. அதில் யாரையும் உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்தவரை எழுப்பவும் இல்லை.

காலைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. ஆனால் "காட்டும் வே" என்ற அதட்டல் போய்விட்டது. "காலைப் பார்க்கட்டுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுவார். புதிதாக வந்தவர்கள் அவரைப் பயந்த ஆள் என்று நினைத்தார்கள்.

பல வருஷம் கழித்து, உருண்டு வந்த மரம் ஒன்று என் வலது பாதத்தை நசுக்கிவிட்டது. எலும்பு கூடியது, ஆனால் ஊன்றி நின்று ரம்பம் இழுக்க முடியாது என்று ஆனது. ரைட்டருக்கும் அப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் என் லைன் வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"என்ன செய்யலாம் வே?" என்றார்.

நான் காலைத் தடவிக்கொண்டிருந்தேன். என் மனைவி சாயா கொண்டுவந்து வைத்தாள். அது ஆறியது. அவர் எழுந்து போனார். மறுநாள் அதே நேரம் வந்து அதே படியில் உட்கார்ந்து அதையே கேட்டார். அன்றும் சாயா ஆறியது. அவரே ஏதாவது ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் தலையாட்டிவிட்டுப் போய்விடலாம் என்று எனக்கு இருந்தது. அவர் சொல்லவில்லை.

"நீங்களே எதையாவது சொல்லிருங்களேன் ரைட்டரே. இவரு வாயத் தொறக்க மாட்டாரு" என்று உள்ளேயிருந்து என் மனைவி சொன்னாள்.

"தொறக்கட்டும்மா. நான் எங்க போகப் போறேன்?"

இப்படியே சில நாட்கள் போன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது.

"ரம்பம் இழுக்க முடியாது. ஆனா ரம்பத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும்."

"அரம் போடுதீரா? ரம்பப் பல்லு தீட்டுத ஷெட்டுல?"

"போடுறேன்."

அவர் தலையசைத்தார். எழுந்து போகவில்லை. சாயாவைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு நான் கேட்டிருந்தா, தாதாவும் இதைத்தான் சொல்லியிருப்பாரு. இல்லையா வே?"

ரம்பத்தின் மறுபிடியில் அத்தனை வருஷம் நின்றவன் நான். தாதா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஷெட்டும் வேண்டாம், நிழலும் வேண்டாம், ரம்பத்தைக் கொடு என்றுதான் சொல்லியிருப்பார். இழுத்துக்கொண்டே ஒருநாள் அந்த மரத்தடியிலேயே விழுந்திருப்பார்.

"ஆமா ரைட்டரே. இதைத்தான் சொல்லியிருப்பாரு" என்றேன்.

அவர் சாயாவைக் குடித்து முடித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டு அவிழ்த்த என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வேட்டியைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டு, அவர் பார்க்க வசதியாகக் காலை நீட்டி வைத்தேன்.